விலகி நிற்கத் தெரிந்த பாத்திரம்

ஷார்ஜா

அன்புள்ள அண்ணிக்கு,

சக்குபள்ளத்தில் மழை எப்படி, ஏலக்காய் என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் கட்டப்பனையில் மைக்ரோவேவ் வாங்கப்போகிறோம், அதில் எந்தப் பாத்திரம் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அதற்கே பதில். இங்கே மதியம் ஒரு மணியானால் அலுவலகந்தோறும் அந்தப் பெட்டிக்கு முன்னால் ரேஷன் கடை வரிசைதான். எந்த நாட்டுக் குழம்புக்கும் உள்ளே இடமுண்டு, எவர்சில்வர் டப்பாவுக்கு மட்டும் இல்லை. பேர் வெட்டிய எவர்சில்வரைச் சீராகக் கொடுத்தனுப்பும் நம் ஜனத்துக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

ஆனால் குற்றம் எவர்சில்வருடையது அல்ல. விறகடுப்பில் சூடு முதலில் பாத்திரத்தைப் பிடிக்கிறது, பாத்திரம் அதைச் சோற்றுக்குக் கொடுக்கிறது. ஆகவே சூட்டை வாங்கிக் கொடுப்பதே அங்கே நல்ல பாத்திரம். மைக்ரோவேவிலோ வினாடிக்கு சுமார் 245 கோடி முறை அதிரும் அலை நேராக உணவுக்குள் போய், அதிலிருக்கும் தண்ணீரை உலுக்கிச் சூடாக்குகிறது. நடுவில் தரகர் கிடையாது. நம் ஏலக்காய்க்கே கிடைக்காத பாக்கியம் இது! எனவே இங்கே நல்ல பாத்திரம் என்பது அலைக்கு வழிவிட்டு விலகி நிற்பது. கண்ணாடியும், பொன் கோடோ வெள்ளிக் கோடோ இல்லாத பீங்கானும் அப்படிப்பட்டவை. கண்ணாடியிலும் சூடு தாங்கும் பொரோசிலிக்கேட் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

'அடுப்பின் உள்சுவரே உலோகத் தகடுதானே?' என்று அண்ணன் மடக்குவார். ஆமாம், அலையை வெளியே விடாமல் திருப்பியடிக்கத்தான் அந்தச் சுவர். எவர்சில்வர் தூக்கும் அதையேதான் செய்யும், அலையைக் குழம்பை அண்டவிடாது. முள்கரண்டியின் முனையிலும் கசங்கிய அலுமினியத் தாளிலும் தீப்பொறியே பறக்கும். 'மண்சட்டி இயற்கையானதாயிற்றே' என்பார் அம்மா. பூச்சில்லாத மண்சட்டி தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். அந்தத் தண்ணீரும் சூடாவதால் கை சுடும், சட்டி விரியவும் கூடும். மெலமைன் தட்டோ தானே கொஞ்சம் அலையைக் குடித்துச் சுடும். 70 டிகிரிக்கு மேல் புளிப்பான பண்டம் அதிலிருந்தால் மெலமைன் உணவில் இறங்குவதும் கூடும். கொடம்புளி போட்ட மீன் குழம்புக்கு அந்தச் சுவை வேண்டாம்.

மிஞ்சுவது பிளாஸ்டிக். 'மைக்ரோவேவ் சேஃப் என்று அச்சடித்திருக்கிறதே' என்பீர்கள். அடியில் 5 என்று எண் போட்ட பாலிபுரொப்பிலீன் டப்பா மற்றவற்றைவிடத் தேவலைதான். ஆனால் தண்ணீரின் சூடு 100 டிகிரியை ஒட்டி நிற்கும், தேங்காயெண்ணெய்க்கு அந்த எல்லை கிடையாது. எண்ணெய் மிதக்கும் குழம்பைச் சூடாக்கினால் டப்பாவின் ஓரத்தில் அழியாத மஞ்சள் வளையம் விழுவது இதனால்தான். எனவே வெறும் சோற்றுக்கு அது போதும், எண்ணெய்ப் பண்டத்துக்குக் கண்ணாடிதான். ஐஸ்கிரீம் டப்பா எதற்குமே ஆகாது.

கண்ணாடி, பீங்கானில் சந்தேகம் வந்தால் ஒரு சோதனை: காலிப் பாத்திரத்தையும் பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீரையும் வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் சுட்டு, பாத்திரம் ஆறியே இருந்தால் அது விலகி நிற்கத் தெரிந்தது. பாத்திரம் சுட்டால் விறகடுப்புப் பழக்கம் இன்னும் போகவில்லை என்று அர்த்தம், அலமாரிக்கே அனுப்பிவிடுங்கள். எவர்சில்வரை மட்டும் பரணில் ஏற்றிவிடாதீர்கள். சூடாக்கியதைப் பரிமாற அதுதான் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன்