மேல போனானா, கீழ போனானா?

ஏங்கண்ணு, லீவுல வந்து ஒரு வாரமாச்சு. திண்ணையில உக்காந்து அந்த லேப்டாப்பையே மொறைச்சுட்டிருக்கியே, என்ன சோலின்னு கேட்டா "மேப் மேட்ச்சிங் அப்புச்சி"ங்கற. நானும் எங்கியோ பொண்ணு பாத்துப் பொருத்தம் பாக்கறயாக்கும்னு சந்தோசப்பட்டுட்டேன். பாத்தா, வண்டியில இருக்கற ஜிபிஎஸ் வெச்ச புள்ளிக்கும் ரோட்டுக்கும் பொருத்தம் பாக்கறயாமா. எந்தப் புள்ளி எந்த ரோட்டுதுன்னு சொன்னாத்தான் எங்க நெரிசல்னு தெரியுமாம். இதுக்குச் சம்பளம் வேற.

நேத்து ஒரு படம் காட்டுனியே, அவினாசி ரோட்டுல ஒரு வேனு. நேரா வந்துக்கிட்டே இருந்தது, பொசுக்குன்னு பக்கத்துச் சந்துக்குள்ள ஒரு எட்டு வெச்சு, அடுத்த நொடியே மெயின் ரோட்டுல வந்து நிக்குது. வேனா, பல்லியாடா அது? கேட்டா, "கிட்டத்துல இருக்கற ரோட்டுல ஒட்டிப்போட்டேன் அப்புச்சி"ங்கற. கிட்டத்துல இருக்கறதெல்லாம் சொந்தமாயிட்டா, பக்கத்து ஊட்டுக் கோழியெல்லாம் நம்மளுதுதான்.

எருமைக் கதை உனக்குச் சொன்னதில்லையல்ல? நம்ம சினை எருமை ஒண்ணு தும்பை அத்துக்கிட்டு ஓடிப்போச்சு. ராத்திரி தூறல் வேற. விடிஞ்சு பாத்தா, இட்டேரியில நாலு குளம்புத் தடம். அப்பறம் கிளுவை வேலிக்கு அக்கட்ட கலைஞ்சாப்புல ரெண்டு. மறுபடி இட்டேரியில மூணு. உன் கணக்கா இருந்தா, எருமை வேலியைத் தாண்டிப்போயி, திரும்பத் தாண்டி வந்துச்சுன்னு எழுதியிருக்கும். சினை எருமைடா அது! அக்கட்ட போகோணும்னா கால் மைல் சுத்திக் கடவு வழியாத்தான் போகோணும். பத்தடி தள்ளி அடுத்த தடம் கெடக்கறப்ப, நடுவால அரை மைல் போய்ட்டு வர அதுக்கு என்ன வேண்டுதலா? அக்கட்ட இருந்தது எருமைத் தடமே இல்லைன்னு முடிவு பண்ணி, இட்டேரியைப் புடிச்சுக்கிட்டே போனேன். எந்த ஊட்டுல வாங்குனமோ, அந்த ஊட்டுக் கட்டுத்தரையிலயே நின்னு அசை போட்டுட்டிருந்துச்சு.

இதைச் சொன்னதும் நீ சிரிச்சுப்போட்டு, "2009-லயே நியூசன், க்ரும்னு ரெண்டு பேரு எழுதிட்டாங்க அப்புச்சி"ன்ன. மைக்ரோசாப்ட்டுக்காரங்களாமா. சியாட்டில்ல ஓட்டுன வண்டியோட புள்ளியை வெச்சுப் பாத்தாங்களாமா. புள்ளி ரோட்டை உட்டு எத்தனை தூரம் தள்ளிக் கெடக்குது, இது ஒரு கேள்வி. முந்துன புள்ளியில இருந்து இதுக்கு ரோட்டு வழியா வந்தா ஆகற தூரமும், நேர்கோட்டுத் தூரமும் ஒத்துப்போகுதா, இது இன்னொரு கேள்வி. ரெண்டுக்கும் மார்க்குப் போட்டு, மொத்தப் பயணத்துக்கும் எது நல்ல வழியோ அதை எடுக்கோணும். எடுக்கற வித்தை விட்டர்பிங்கறவரு 1967-ல சொன்னது. இரைச்சலோட வந்த சேதியைத் தெளிய வெக்கறதுக்காகச் சொன்னது. சந்தோசம். என்ற எருமைக்கு அப்பவே ஒரு பட்டம் குடுத்திருக்கலாம்.

ஆனா ஒண்ணு கண்ணு. வெட்டவெளியில போன் அஞ்சு மீட்டர் முன்னப்பின்னதான் தப்பும். ரெண்டு பக்கமும் கட்டடம் நின்னா, சேட்டிலைட் சிக்னல் செவுத்துல அடிச்சுத் திரும்பி வந்து, எங்க இருக்கறோம்னு அதுக்கே தெரியாது. அதையாவது எருமைக் கணக்குல சமாளிச்சுக்கலாம். இப்ப அதே அவினாசி ரோட்டுல கோல்டுவின்ஸ்ல இருந்து உப்பிலிபாளையம் வரைக்கும் 10 கிலோமீட்டருக்குப் பாலம் கட்டிட்டாங்களே, அதை என்ன பண்ணுவ? பழைய ரோட்டுக்கு நேர் மேல புது ரோடு. புள்ளி ரெண்டுக்கும் ஒண்ணுதான். உசரத்தையும் சொல்லுமேங்கற, பக்கவாட்டைக் காட்டிலும் உசரத்துல எச்சாத் தப்பும்னு நீதான சொன்ன?

மேல ஒருத்தன் அறுபதுல பறக்கறான், கீழ ஒருத்தன் பஸ்ஸுக்குப் பின்னால பத்துல உருட்டறான்னு வெய்யி. ரெண்டையும் ஒரே ரோட்டுல ஒட்டி, சராசரி முப்பத்தஞ்சுன்னு எழுதுவ. அந்த வேகத்துல போனவன் ஒருத்தனைக் கூட்டியா பாக்கலாம்! ஏறற எடத்துலயும் எறங்கற எடத்துலயும் காவலுக்கு நில்லு. நடுவால எங்கியும் நிக்காம, திரும்பாம வந்தானா? மேல போயிருக்கோணும். பீளமேட்டுல சந்துக்குள்ள திரும்புனானா? கீழதான். உன் மேப்புல பாலம் இருக்குதான்னு மொதல்ல பாரு. பழைய மேப்பா இருந்தா, மேல போறவனையெல்லாம் கீழ தள்ளி உட்டுரும்.

இன்னொண்ணு. ஒன்வேயில எவனும் எதிர்த்தாப்புல வர மாட்டான்னு உன் கணக்கு நம்புதாமா. எந்த ஊர்க்காரன் எழுதுனது? நம்மூர்ல யூ-டர்ன் அரைக் கிலோமீட்டர் அக்கட்ட இருந்தா, பைக்குக்காரன் ஓரமாவே எதிர்த்து வந்துருவான். உன் கணக்கோ, அவனை யூ-டர்ன் வரைக்கும் கூட்டிட்டுப் போயி, உத்தமனாக்கித் திருப்பிக் கூட்டியாருது.

நின்ன வண்டியெல்லாம் நெரிசல்னு எழுதிராத. பெர்லின்ல சைமன் வெக்கர்ட்னு ஒருத்தரு, 99 பழைய போனைச் சின்னத் தள்ளுவண்டியில போட்டு, ஆளில்லாத ரோட்டுல இழுத்துட்டுப் போனாராம். கூகுள் மேப் அந்த ரோட்டையே செவப்பாக்கிருச்சு. 2020-ல அந்த வீடியோவை வெளிய உட்டாரு. நம்மூர்ல அதுக்குத் தள்ளுவண்டி எதுக்கு? பேக்கரி போதும். டீயும் தேங்காய் பன்னுமா இருபது வண்டி ஓரங்கட்டி நிக்கும்.

பேக்கரின்னதும் ஞாபகம் வந்துச்சு. நேத்து சாயங்காலம் உங்கம்மா போன்ல உன்ற புள்ளி ஒரு மணி நேரமா ஒரு பேக்கரியிலயே நின்னுச்சு. "பையன் டீ குடிக்கறான்"னு அவ நெனைச்சுக்கிட்டா. அந்தப் பேக்கரிக்கு மேல் மாடியில யாரு குடியிருக்கறாங்கன்னு எனக்குத் தெரியும். உசரம் சரியாத் தெரியாதுன்னு நீயே சொல்லிட்ட, நானும் அவகிட்ட ஒண்ணும் சொல்லல. அந்தப் புள்ளைக்கு என்ன ஊரு?