ஜெபக்குறிப்பும் கியர்னாண்டரும்

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் இருக்கிற திருநெல்வேலிக்காரர்கள் சில குடும்பம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் வீட்டிலாவது கூடி ஜெபிப்பது வழக்கம். பாட்டு, வேதவாசிப்பு, சின்னதாக ஒரு பிரசங்கம், அப்புறம் ஜெபக்குறிப்பு. கூட்டத்துக்கு உயிரே இந்தக் கடைசி ஐட்டம்தான். சில்லறை இல்லையென்று ஆட்டோக்காரன் பாதி வழியில் இறக்கிவிட்டான், மேல் வீட்டு ஏசி தண்ணீர் நம் வீட்டுத் துணிமேலேயே சொட்டுகிறது, முழங்கால் வெள்ளத்தில் ஸ்கூட்டர் நின்றுபோனது, வேலைக்கு வருகிற மாஷி சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டாள். எல்லாம் ஆண்டவர் சமுகத்துக்குப் போகும். வாரம் முழுக்க ஆபீஸ் ஆபீஸாக "ஹோபே நா" (நடக்காது) கேட்டு அலுத்தவர்கள் வேறு எங்கே போய் மனுக் கொடுப்பது?

இந்த மனுக்களையெல்லாம் திருப்பி அனுப்புவதற்கென்றே ஒரு அண்ணாச்சி இருக்கிறார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். யார் குறையைச் சொன்னாலும் கையை உயர்த்தி ஒரே கேள்வி கேட்பார்: "கியர்னாண்டர் பட்ட பாட்டை விடவா?"

கியர்னாண்டர் ஸ்வீடன்காரர். 1740இல் கடலூருக்கு வந்த மிஷனரி என்பதால் அண்ணாச்சிக்கு அவர் முக்கால்வாசி தமிழர். 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைப் பிடித்ததும் அங்கிருந்து கிளம்பி அதே வருஷம் கல்கத்தா வந்து சேர்ந்தார். வசதியான ஒரு விதவையை மணந்தார். சொகுசாக வாழ்ந்தார் என்று குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும் கைக்காசைப் போட்டே ஓர் ஆலயத்தைக் கட்டி, 1770 டிசம்பரில் பிரதிஷ்டை செய்தார். சிவப்பாக இருந்ததால் ஜனங்கள் அதை 'லால் கிர்ஜா' என்றார்கள். லால்பஜாருக்குப் பக்கத்தில் ஆர்.என். முகர்ஜி சாலையில் இன்னும் நிற்கிறது.

வினை மகன் ரூபத்தில் வந்தது. பையன் கட்டட வியாபாரத்தில் அகலக்கால் வைத்தான். அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். ஜாமீன் நிற்காதே என்று நீதிமொழிகள் புத்தகம் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. அதை அவரே எத்தனை முறை பிரசங்கித்திருப்பாரோ! மகன் என்று வந்துவிட்டால் சாலொமோனாவது ஒன்றாவது. 1787இல் எல்லாம் கவிழ்ந்தது. கடன்காரர்கள் ஆலயத்தையே ஜப்தி செய்ய, கம்பெனி அதிகாரி சார்லஸ் கிராண்ட் 10,000 ரூபாய் கட்டி மீட்டார். 75 வயதுக் கிழவர் சின்சுராவுக்குப் போய் டச்சுக்காரர்களுக்குப் போதகராக இருந்தார். அங்கேயாவது நிம்மதி உண்டா? 1795இல் ஆங்கிலேயர் சின்சுராவைப் பிடித்து, இவரையும் யுத்தக் கைதிகள் கணக்கில் சேர்த்தார்கள்.

இதைக் கேட்ட பிறகு ஏசி தண்ணீரைப் பற்றி வாய் திறக்க யாருக்கு மனசு வரும்?

சில வாரம் மாறுதலுக்கு செராம்பூர் மிஷனரி வில்லியம் கேரியை இறக்குவார். ஒரு தங்கச்சி செல்போனைத் தொலைத்து, நம்பர் எல்லாம் போச்சே என்று கலங்கினாள். உடனே 1812 மார்ச் 11, செராம்பூர் அச்சகத்தில் தீ. வருஷக்கணக்கில் எழுதிய அகராதிப் பிரதி, இலக்கணங்கள், தமிழ் உட்படப் பல மொழி அச்செழுத்துகள் எல்லாம் சாம்பல். கேரி 46ஆம் சங்கீதத்தை எடுத்துப் பிரசங்கித்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி எழுத உட்கார்ந்தார். "நீ நம்பர் டைப் பண்ண அழுதுட்டு இருக்கியே தாயீ."

அண்ணாச்சி சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் தொல்லையின் உயரம் பெரும்பாலும் நாம் குனிந்து நிற்பதால் வருவதுதான். ஆனால் அவர் தராசில் ஒரு கோளாறு. அடைக்கலான் குருவி விழுவதையும் கவனிக்கிற, நம் தலைமுடியைக்கூட எண்ணி வைத்திருக்கிற ஆண்டவருக்கு ஆட்டோ சில்லறை மட்டும் அற்ப விஷயமா? (முடி விஷயத்தில் அண்ணாச்சி அவருக்கு அதிக வேலை வைக்கவில்லை.) கடுகளவு விசுவாசம் போதும் என்றவரிடம் கடுகளவு கஷ்டத்தைச் சொல்லக்கூடாது என்று எந்த அதிகாரத்தில் இருக்கிறது?

ஆடி மழையில் ஒரு வெள்ளிக்கிழமை அண்ணாச்சி முகம் தொங்கிப்போய் வந்தார். அசல் பத்மா இலிஷ் என்று சத்தியம் பண்ணி, ஐஸில் பல நாள் கிடந்த ஏதோ ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டான் மீன்காரன். செவுளைத் தூக்கிப் பார்த்தாராம், சிவப்பாகத்தான் இருந்ததாம், சாயம் என்று யார் கண்டது? கால் மணி நேரம் விலையையும் எடையையும் சொல்லிச் சொல்லிக் கொதித்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கியர்னாண்டர் பெயரை எடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

மதினிதான் சிங்காடாத் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "அந்த மனுசனும் இந்த ஊர்ப்பக்கம் நாப்பது வருசம் இருந்திருக்காரே. அவரையும் மீன்காரன் ஏமாத்தியிருப்பாம்லா? அதை ஏன் ஒருத்தரும் எழுதி வைக்கலை?"

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. கூட்டம் நடத்தின தம்பி நோட்டில் 'மீன்' என்று எழுதிக்கொண்டான். ஜெபத்தில் அந்த மீன்காரனையும், அவன் பெண்டாட்டி பிள்ளைகளையும், அவன் வியாபாரத்தையும் ஆசீர்வதிக்கும்படி மனமுருகி வேண்டினான். எல்லாரும் ஆமென் சொன்னோம். அண்ணாச்சியின் ஆமென் மட்டும் கொஞ்சம் லேட்டாக வந்தது.