பணம் விற்றவருக்கு, பழி வாங்கியவருக்கு

தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐத் திட்டியவர்களும் தலையில் வைத்து ஆடியவர்களும் ஒருசேரத் தாண்டிப்போன ஓர் இடம் அதில் இருக்கிறது. நாட்டில் தனித்து இயங்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் 10,000-க்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை உருப்படியாகச் சொல்லிக்கொடுக்க முயல்வதுகூட இல்லை, பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்று, நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையத்தின் 2012 அறிக்கையைச் சாட்சிக்கு இழுத்து அரசே அங்கே எழுதி வைத்திருக்கிறது. எதிர்க்கட்சிக்காரர் மேடையில் பேசியதில்லை இது. கடைக்கு உரிமம் கொடுத்த கையே கையெழுத்திட்ட வாக்குமூலம்.

வாக்குமூலம் கொடுத்தாயிற்று. அப்புறம் என்ன நடந்தது? கல்லூரிகள் வழக்கம்போலத் திறந்தன. அட்மிஷன் நடந்தது. கட்டணக் கமிட்டி சொன்ன தொகை சுவரிலும், கல்லூரி சொன்ன தொகை காதிலும் தெரிவிக்கப்பட்டன.

அதற்காக அரசு கையைக் கட்டிக்கொண்டிருந்தது என்று சொன்னால் பாவம். அந்தக் கொள்கைக்கு முன்பே, வர்மா ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் புதிய விதிமுறைகளைக் கொண்டுவந்தது. அதுவரை ஓராண்டாக இருந்த பி.எட். அடுத்த கல்வியாண்டிலிருந்து ஈராண்டு ஆனது. ஓராண்டு முழுக்க ஒன்றும் சொல்லித் தராதவர்களுக்கு, சொல்லித் தராமல் இருக்க இன்னோர் ஆண்டு வழங்கப்பட்டது. கலப்படப் பால் விற்றவனைப் பிடித்து, இனி அரை லிட்டர் விற்காதே, ஒரு லிட்டராக விற்றுக்கொள் என்று தண்டித்த கதை.

அதே விதிமுறை வருகைப்பதிவையும் வரையறுத்தது. வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். கறாரான விதி. கறாரான விதிக்குத்தான் சந்தையில் நல்ல விலை. வகுப்புக்கு வந்து படித்தால் ஒரு கட்டணம், வராமலே படித்தால் அதைவிடக் கூடுதல் கட்டணம் என்ற விசித்திரப் பொருளாதாரம் உலகில் வேறு எந்தத் தொழிலில் உண்டு? சாப்பிடாமல் போனால் கூடுதல் பில் போடும் ஓட்டலை நான் பார்த்ததில்லை. இங்கே வெளிமாநிலத்திலிருந்து ரயிலேறி வந்து, தேர்வை மட்டும் எழுதிவிட்டு, மறு ரயிலில் திரும்பி, ஆசிரியராகிவிடலாம். ஊருக்கே தெரிந்த இந்த ரகசியம், ஆய்வுக்கு வரும் குழுவுக்கு மட்டும் தெரியாது. அவர்களுக்குப் பிரியாணி எங்கே நன்றாக இருக்கும் என்பதுதான் தெரியும்.

இத்தனைக்கும் நடுவே ஒழுங்காக வகுப்புக்கு வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள்; வீட்டில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவர்கள். கல்லூரி சொன்ன கடையில், கல்லூரி சொன்ன கரை போட்ட சீருடைப் புடவை வாங்கி, உண்மையிலேயே ஆசிரியராக வேண்டும் என்று வருகிறார்கள். அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? பாவ்லோவின் நாய் மணிச்சத்தத்துக்கு எச்சில் வடிக்கிறது. தார்ன்டைக்கின் பூனை கூண்டைத் திறக்கிறது. ஸ்கின்னரின் எலி கம்பியை அழுத்துகிறது. கோலரின் சுல்தான் என்ற சிம்பன்சி குச்சியோடு குச்சியைச் செருகி வாழைப்பழம் எடுக்கிறது. ஒரு மிருகக்காட்சிசாலையே வகுப்பறைக்குள் வந்துவிடுகிறது. கடைசிப் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, எட்டாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை மட்டும் எந்த யூனிட்டிலும் வருவதில்லை. அவன் ஐந்து மதிப்பெண் கேள்வியில்கூட இல்லை.

பிறகு ரெக்கார்டு. மைக்ரோ டீச்சிங் ரெக்கார்டு, சைக்காலஜி ரெக்கார்டு, கேஸ் ஸ்டடி, லெசன் பிளான், ஆல்பம் என்று ஒருவர் இரண்டாண்டில் எழுதும் காகிதத்தை அடுக்கினால் அவரே அதன் பின்னால் மறைந்துவிடுவார். பல கல்லூரிகளுக்கு அருகிலுள்ள ஜெராக்ஸ் கடையில் இவை எழுதியே கிடைக்கும். எழுதிக்கொடுப்பவர் போன ஆண்டு பி.எட். முடித்து வேலை கிடைக்காதவராக இருப்பார். படித்த படிப்புக்கேற்ற வேலை என்றால் தமிழ்நாட்டில் அதுதான் என்று நினைக்கிறேன். கேஸ் ஸ்டடிக்கு ஒரு பிரச்சினைக்குரிய குழந்தை வேண்டும். தேடிப்போக நேரமில்லாததால் அதையும் உற்பத்தி செய்துவிடுகிறார்கள்: குடிகாரத் தகப்பன், கூலிக்குப் போகும் தாய், ஆசிரியப் பயிற்சி மாணவியின் அன்பான வார்த்தையால் மூன்றே வாரத்தில் திருந்தும் பையன். புறத்தேர்வர் பக்கத்தைப் புரட்டாமலே கையொப்பமிடுகிறார்.

பள்ளிப் பயிற்சியைப் பதினாறு வாரம் என்று விதி சொல்கிறது. பள்ளிக்குப் போனால், ஆசிரியர் விடுப்பில் இருக்கும் வகுப்பில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ள ஓர் இலவச ஆள் வந்து சேர்ந்ததாக அர்த்தம். விடைத்தாள் திருத்து, மதிப்பெண் பதிவு செய், விழாவுக்குக் கோலம் போடு. பாடம் எடுப்பதை ஒருவர் பின்னால் உட்கார்ந்து பார்த்து, இந்தக் கேள்வியை இப்படிக் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை பதில் சொல்லியிருப்பான் என்று சொல்ல வேண்டும். பயிற்சி என்பது அது ஒன்றுதான். அது ஒன்றுதான் நடப்பதில்லை.

சரி, பட்டம் வாங்கியாயிற்று. தமிழ்நாட்டில் ஆசிரியர் கல்விக்கென்றே 2008-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், இவர் கற்பிக்கத் தகுதியானவர் என்று முத்திரை குத்தித் தருகிறது. அடுத்த கணம், முத்திரை குத்திய அரசுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. ஆகவே ஆசிரியர் தகுதித் தேர்வு. 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தார்கள். 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி 2,448 பேர் தேறினார்கள். ஒரு நாகரிகமான நாட்டில் அன்று மாலையே அத்தனை பி.எட். கல்லூரிகளின் வாசலிலும் பூட்டுத் தொங்கியிருக்கும். இங்கே தேர்வு நேரத்தை மூன்று மணியாக்கி அக்டோபரில் மறுபடி நடத்தினார்கள். தேறாதவர்களின் தரத்தைப் பற்றித் தலையங்கங்கள் வந்தன. பட்டம் கொடுத்தவர்களின் தரத்தைப் பற்றி மூச்சில்லை.

அந்தத் தேர்வும் எதைச் சோதிக்கிறது? தமிழாசிரியராகப் போகிறவருக்கு 150-இல் தமிழுக்கு 30 மதிப்பெண். கணக்கு-அறிவியலுக்கோ சமூக அறிவியலுக்கோ 60. கரும்பலகைப் பக்கம் திரும்பாமலே, வாயைத் திறக்காமலே, கட்டத்தைக் கறுப்பாக்கி, கற்பிக்கும் தகுதியை நிரூபித்துவிடலாம்.

தேறியவர்களாவது தப்பித்தார்களா என்றால், அவர்கள் கதைதான் உச்சம். 2014-இல் வேலை நியமனத்துக்குப் புதிய வெயிட்டேஜ் கணக்கு வந்தது: தகுதித் தேர்வுக்கு 60, பிளஸ் டூவுக்கு 10, பட்டத்துக்கு 15, பி.எட்.டுக்கு 15. மதிப்பெண் அள்ளி வீசாத காலத்தில் பிளஸ் டூ படித்த நாற்பது வயதுக்காரர், அள்ளி வீசிய காலத்தில் படித்தவரிடம் தோற்றார். 2018-இல் அதையும் ரத்து செய்து, தகுதித் தேர்வில் தேறியவர்கள் வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். 2013 தகுதித் தேர்வில் தேறி வேலைக்குக் காத்திருந்தவர்கள் சென்னை நுங்கம்பாக்கத்தில் டிபிஐ என்ற கல்வித் துறை வளாகத்தில் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். போலீஸார் வேனில் ஏற்றிக் கொண்டுபோய்க் கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டார்கள். ஆட்சி மாறியது. மண்டபம் மாறவில்லை.

இத்தனை தேர்வு வைத்துச் சலித்தெடுக்கும் அதே அரசு, 2022-இல் காலியிடங்களுக்குத் தற்காலிகப் பட்டதாரி ஆசிரியர் வேண்டும் என்றபோது அறிவித்த மாதச் சம்பளம் 10,000 ரூபாய். சித்தாள் வேலைக்குப் போனால் இதைவிட மேல். தனியார் பள்ளிகள் அந்தத் தொகையைப் பார்த்து, நாம் அதிகம் கொடுக்கிறோமோ என்று யோசித்திருக்கும்.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களில் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. இருபது ஆண்டு பாடம் நடத்தி, மாணவர்களை டாக்டராகவும் கலெக்டராகவும் ஆக்கியவர், இப்போது தன் மகள் வயதுப் பிள்ளைகளோடு கோச்சிங் சென்டரில் உட்கார்ந்து பாவ்லோவின் நாயை மறுபடி மனப்பாடம் செய்கிறார். அவருக்குப் பட்டம் விற்ற கல்லூரியின் தாளாளர் இதற்குள் பொறியியல் கல்லூரியும் திறந்திருப்பார். தாளாளருக்கு எந்தத் தேர்வும் கிடையாது. தேறாவிட்டால் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி, இத்தனை அரசாணைகளில், இத்தனை தீர்ப்புகளில் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அதே 2025-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் ஒரு வரைவு விதிமுறையையும் வெளியிட்டது. நான்காண்டுப் பட்டமோ முதுகலையோ முடித்தவர்களுக்கு ஓராண்டு பி.எட். திரும்ப வரப்போகிறதாம். அப்படியானால் பத்தாண்டாக முதுகலைப் பட்டதாரிகளிடமும் அந்த இரண்டாம் ஆண்டுக்கு வாங்கிய பணம் எதற்கு? போய்க் கேட்டால் ரசீதைக் கொண்டுவரச் சொல்வார்கள். ரசீதில் பாதித் தொகைதான் இருக்கும்.