சான்பாடாவில் திறந்த டிராக்டரும் குளிர்காய்தலும்

திறந்த டிராக்டர் என்பது ஓட்டுகிறவரை ஐம்பூதங்களில் நான்கின் நடுவே உட்கார வைத்துவிட்டு, ஐந்தாவதான தீயை மட்டும் பானெட்டுக்குள் பூட்டி வைத்திருக்கும் ஊர்தி. அந்தத் தீயை ஓட்டுநரின் கை, கால், காதுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எப்படி என்பதே டிராக்டர்க் குளிர்காய்தல் துறையின் அடிப்படைக் கேள்வி. பஞ்சாபிலும் கனடாவிலும் இதற்கு விடை தேடுவது எளிது. அங்கே குளிர் இருக்கிறது. நவி மும்பையின் சான்பாடாவில் ஆய்வாளருக்கு வேலை இரட்டிப்பு. குளிரை விரட்டுவதற்கு முன் அப்படி ஒன்று உண்டு என்று முதலில் நிறுவியாக வேண்டும்.

மும்பை சாந்தாக்ருஸ் வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.4 டிகிரி செல்சியஸ். நாள் 22 ஜனவரி 1962. மற்ற ஆண்டுகளில் ஜனவரி விடியற்காலை சராசரியாக 16, 17 டிகிரியில் நின்றுவிடும். இந்த எண்ணைச் சொல்லிப் பஞ்சாபின் லூதியானாக்காரரிடம் அனுதாபம் பெற முடியாது. ஆனால் டிராக்டரில் உட்கார்ந்திருப்பவர் வெறும் குளிரில் இல்லை, காற்றில் இருக்கிறார். காற்று குளிரை எவ்வளவு கூட்டுகிறது என்பதை முதலில் அளந்தவர்கள் அமெரிக்கர்களான பால் சைப்பிளும் சார்லஸ் பாசலும். 1940-களின் தொடக்கத்தில் அண்டார்க்டிகாவில் ஒரு பிளாஸ்டிக் குப்பியில் நீர் ஊற்றிக் காற்றில் தொங்கவிட்டு, அது எத்தனை நேரத்தில் உறைகிறது என்று பார்த்தார்கள். இன்று அமெரிக்காவும் கனடாவும் பயன்படுத்துவது 2001-ல் திருத்திய சூத்திரம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் போனால் அது செல்லாது. ஆக, சூத்திரத்தின் பார்வையில் சான்பாடாவின் வழக்கமான குளிர்காலம் விசாரணைக்கே ஏற்கப்படாத மனு.

நிபந்தனையை மீறிக் கணக்குப் போட்டுப் பார்த்தால், 16 டிகிரியில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் டிராக்டர்காரருக்கு அது 14.7 டிகிரியாகத் தோன்ற வேண்டும். இழப்பு 1.3 டிகிரி. பல் கிட்டுவதற்கு இது போதாது. 1962-ன் அந்த விடியலில் அதே வேகத்தில் போயிருந்தால் 3.6 டிகிரி என்று வரும். பல் கிட்டுவது நியாயம். ஆனால் அன்று சான்பாடாவில் நகரம் இல்லை. நவி மும்பையை உருவாக்கிய சிட்கோவே 1970-ல்தான் தொடங்கப்பட்டது. அதற்கு முன் இந்தத் தாணே கழிமுகக் கரை முழுக்க ஆக்ரி, கோலி மக்களின் ஊர்கள். நெல்லும் உப்பும் மீனும் அவர்கள் தொழில். வயல் இருந்தவரை உழுதது மாடு. டிராக்டர் வந்து சேர்ந்தபோது உழ வயல் இல்லை.

சூத்திரம் கைவிட்ட இடத்தில் தோல் கைகொடுக்கிறது. மனிதத் தோல் தெர்மாமீட்டர் போல அளவைப் படிப்பதில்லை, மாற்றத்தைப் படிக்கிறது. ஜனவரியில் மும்பையின் பகல் 31 டிகிரியைத் தொடும். பிற்பகலில் சட்டை நனைய வேர்த்தவருக்கு மறுநாள் விடியலில் 16 என்பது பதினைந்து படி சறுக்கல். முந்தின நாளும் 5 டிகிரியில் இருந்த லூதியானாக்காரருக்கு 4 டிகிரி என்பது ஒரு படி. மாற்றத்தை வைத்துப் பார்த்தால் சான்பாடாக்காரர் நடுங்குவதற்கே கூடுதல் உரிமை உள்ளவர். தாராவியிலோ செம்பூரிலோ பிறந்து வேலைக்காகக் கழிமுகத்தைத் தாண்டி வந்த தமிழராயிருந்தால் உரிமை இன்னும் வலுக்கிறது. அவருடைய முன்னோர் திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டபோது பெட்டியில் ஸ்வெட்டர் வைக்கவில்லை.

தமிழ் மரபு குளிரைப் பாகுபடுத்தியதில் டிகிரிக்கு இடமே இல்லை. ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. அளவுகோல் பனிதான். டிராக்டர் இருக்கையின் ரெக்சின் உறையில் காலை ஆறு மணிக்குக் கை வைத்துப் பார்த்தவர்கள் இந்தப் பாகுபாட்டைக் குறை சொல்ல மாட்டார்கள். நெடுநல்வாடையில் நக்கீரர் கூதிரை விவரிக்கும்போது நெருப்பில் கை காய்ச்சும் இடையர்களைக் காட்டுகிறார். துறையின் மிகப் பழைய களக்குறிப்பு இதுவே எனலாம். வள்ளல்கள் வரலாற்றிலும் ஒரு குறை தென்படுகிறது. பாரி தன் தேரை முல்லைக் கொடிக்குக் கொடுத்தான். பேகன் தன் போர்வையை மயிலுக்குக் கொடுத்தான். திறந்த வண்டியும் போர்வையும் சேர்த்து ஒரே ஆளுக்குக் கொடுக்க வேண்டும் என்று கடையெழு வள்ளல்களில் எவருக்கும் தோன்றவில்லை. சிக்கல் இன்றுவரை தொடர்கிறது.

டிராக்டர் ஏன் திறந்தே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது: விலை, வெயில். உலகில் மிக அதிக எண்ணிக்கையில் டிராக்டர் விற்கும் மஹிந்திராவின் தலைமையகம் மும்பைதான். 1963 முதல் காந்திவலியில் டிராக்டர் செய்தார்கள். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1960-ல், சென்னையில் டாஃபே தொடங்கியாயிற்று. எட்டு மாதம் வியர்க்கும் நாட்டுக்குக் கண்ணாடி அறை வைத்த டிராக்டரை விற்பது அடுப்புக்குக் கதவு போட்டு உள்ளே ஆளை உட்கார வைப்பது போல. குளிர்நாட்டு அனுபவமும் ஊக்கம் தருவதாக இல்லை. அமெரிக்காவில் மினியாபொலிஸ்-மோலின் நிறுவனம் 1938-ல் மூடிய அறை, ஹீட்டர், ரேடியோ எல்லாம் வைத்து 'கம்ஃபர்ட் டிராக்டர்' என்று ஒன்றை வெளியிட்டது. பகலில் உழலாம், மாலையில் அதே வண்டியில் மனைவியோடு டவுனுக்குப் போகலாம் என்பது திட்டம். ஏறத்தாழ 150 வண்டிகளோடு கதை முடிந்தது. மற்ற விவசாயிகள் எஞ்சினின் இரு பக்கமும் கித்தான் துணி கட்டி, எஞ்சின் சூட்டைப் பின்னால் தங்கள் மடிக்குத் திருப்பிக்கொண்டார்கள். அந்தக் கித்தானுக்கு 'ஹீட் ஹவுசர்' என்று பெயர். விலை கொஞ்சம், பலன் நிறைய.

சான்பாடாச் சுற்றுவட்டாரத்தில் கண்ணில் படும் டிராக்டர் உழுவதில்லை. பின்னால் கம்ப்ரசர் பூட்டிக் கட்டட வேலைக்குப் பாறை உடைக்கும், அல்லது தண்ணீர் டேங்கர் இழுக்கும். இரண்டுக்கும் விடியலில் கிளம்ப வேண்டும். போக்குவரத்து கூடிவிட்டால் சயான்-பன்வேல் நெடுஞ்சாலையில் டிராக்டருக்கு மரியாதை கிடையாது.

சூட்டின் ஊற்று எஞ்சின். டீசலில் உள்ள ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது. மற்றொரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போகிறது. மீதி ரேடியேட்டர் வழியே காற்றில் கலக்கிறது. முன்னாலிருக்கும் விசிறி ரேடியேட்டருக்குள் காற்றை இழுத்துப் பின்னால், அதாவது ஓட்டுநரின் முழங்காலை நோக்கித் தள்ளுகிறது. மே மாதத்தில் வசவு வாங்கும் இந்த அமைப்பு ஜனவரியில் அருள்பாலிக்கிறது. இருக்கைக்குக் கீழே கியர் பாக்ஸ். அதன் இரு பக்கமும் கால் வைத்தே ஓட்டுநர் உட்கார்கிறார். அரை மணி ஓடினால் எண்ணெய் சூடேறி வார்ப்பிரும்பு இதமாகிவிடும். ஹவாய்ச் செருப்பைக் கழற்றிப் பாதத்தை அதில் ஒட்டவைப்பது துறையில் நிலைபெற்ற முறை. காலைப் பொறுத்தவரை சிக்கல் தீர்ந்தது.

சைலன்சர் விஷயத்தில் கவனம் வேண்டும். பெரும்பாலான டிராக்டர்களில் அது பானெட்டின் மேல் செங்குத்தாக நிற்கிறது. மன்னரிடம் பழகுகிறவர் தீக்காய்கிறவரைப் போல மிக விலகாமலும் மிக நெருங்காமலும் இருக்க வேண்டும் என்று வள்ளுவர் 70-ஆம் அதிகாரத்தில் சொன்னதை மன்னர்கள் போன பிறகு முழுதாகக் கடைப்பிடிப்பவர் டிராக்டர் ஓட்டுநர் மட்டுமே. சிக்னலில் எழுந்து நின்று, உள்ளங்கையை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பச்சை விழுந்ததும் உட்கார்ந்துவிடுகிறார். அந்த ஒரு சாணைக் குறைத்தவரைப் புறங்கையில் உள்ள தழும்பை வைத்து அடையாளம் காணலாம்.

ஓடும்போது கைக்கு என்ன வழி? இதற்கான விடை பாம் பீச் சாலைக்கு மேற்கே, சேற்றில் நிற்கிறது. குளிர்காலத்தில் தாணே கழிமுகத்துக்குப் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. கழிமுகத்தின் ஒரு பகுதி 2015-ல் அவற்றுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரை ஒரு காலை நீரில் ஊன்றி மற்றதைச் சிறகுக்குள் செருகிக்கொள்கிறது. வெப்பத்தைச் சேமிக்கவே இப்படி என்பது ஒரு கருத்து. தசைக்கு வேலை மிச்சம் என்பது இன்னொன்று. டிராக்டர் ஓட்டுநரும் ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்து மற்றதைத் தொடைக்கு அடியில் செருகிக்கொள்கிறார். சிறிது நேரத்தில் கை மாற்றுகிறார். யார் யாரிடம் கற்றார்கள் என்ற ஆராய்ச்சி இங்கு வேண்டாம். பூநாரைக்குப் பின்னால் டேங்கர் இல்லை என்ற வேறுபாட்டை மட்டும் போக்குவரத்துப் போலீசார் சுட்டிக்காட்டக்கூடும்.

இனி காது. குளிர் உடம்புக்குள் காது வழியாகத்தான் நுழைகிறது என்பது தமிழ்நாட்டிலும் தமிழர் குடியேறிய எல்லா நாட்டிலும் ஐயத்துக்கு இடமின்றி ஏற்கப்பட்ட கொள்கை. மேல்சட்டை இல்லாமல் மப்ளர் மட்டும் கட்டிய பெரியவர்கள் இதற்குச் சான்று. மேலைநாட்டில் இதற்கு இணையான மூடநம்பிக்கை, உடற்சூட்டில் பாதி தலை வழியே போய்விடுகிறது என்பது. அதை அளந்து பார்த்து மறுத்துவிட்டார்கள். தலை உடற்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, இழப்பும் ஏறத்தாழ அவ்வளவே. காதுக் கொள்கையை மறுக்க இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் துணியவில்லை, அம்மாக்கள் இருக்கிறார்கள்.

காதுக்கான கருவி குரங்குக் குல்லா. ஆங்கிலத்தில் அதற்குப் பாலக்ளாவா என்று பெயர். கிரிமியப் போரில் 25 அக்டோபர் 1854 அன்று சண்டை நடந்த ஊர் அது. அதே சண்டையில் குதிரைப்படையோடு பாய்ந்த கார்டிகன் பிரபுவின் பெயர் முன்பக்கம் திறந்த ஸ்வெட்டருக்கும், தளபதி ராக்லன் பிரபுவின் பெயர் ஒருவகைச் சட்டைக் கைக்கும் ஒட்டிக்கொண்டன. ஒரே போரில் மூன்று உடுப்பு கிடைத்தது சரி; போரை நடத்திய விதத்தைப் பற்றி வரலாற்றாசிரியர்களுக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. குல்லாவின் குறை ஒன்றே: காதை மூடியதும் எஞ்சின் சத்தத்தோடு பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரனும் மறைந்துவிடுகிறது.

நெஞ்சுக்குச் செய்தித்தாள். சட்டைக்கும் பனியனுக்கும் நடுவே நான்கு மடிப்பாகச் செருகினால் காற்று புகாது. தாள்களுக்கிடையே சிக்கிய காற்றே நல்ல வெப்பக்காப்பு. மும்பைப் பதிப்புத் தினத்தந்தி இதற்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை இணைப்புகளால் தடிமன் கூடுகிறது, ஆனால் அன்று விடுமுறை.

தேநீர் பற்றி மிகையான எண்ணம் நிலவுகிறது. டப்ரி என்னும் சாலையோரக் கடையில் கிடைக்கும் அரை டம்ளர்க் கட்டிங் சாயை 80 மில்லி என்று கொள்வோம். 60 டிகிரியில் குடித்தால் அது உடம்புக்குத் தரும் சூடு சுமார் 7.7 கிலோஜூல். 65 கிலோ எடையுள்ள ஓட்டுநரின் உடம்பை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 227 கிலோஜூல் வேண்டும். ஆகவே ஒரு டிகிரிக்கு 30 கட்டிங். அதில் கரைந்திருக்கும் 8 கிராம் சர்க்கரையோ செரிக்கும்போது 134 கிலோஜூல் தருகிறது, தேநீரின் சூட்டைப்போல 17 மடங்கு. குளிரை விரட்டுவது சர்க்கரை. தேநீர் அதை ஏற்றிவரும் லாரி. கைப்பிடி இல்லாத கண்ணாடி டம்ளரை இரு உள்ளங்கையாலும் பிடித்திருக்கும் இரண்டு நிமிடம் இந்தக் கணக்கில் சேரவில்லை. சேர்த்தால் டம்ளரே முதலிடம் பெறும்.

குப்பை கூட்டி நெருப்பு மூட்டுவதை மராத்தியில் ஷேகோட்டி என்பார்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் குப்பையை எரிப்பதைத் தடை செய்தன. அந்த ஆண்டு டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் அபராதத்தை 5,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. அந்தப் பணத்துக்குக் கட்டிங் சாய் எத்தனை என்று கணக்குப் பார்த்தவர்கள் ஷேகோட்டியைக் கைவிட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் போலீஸ் ஜீப் வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்து குளிர்காய்கிறார்கள்.

இத்தனைக்கும் மெய்யான டிராக்டர்க் குளிர் சான்பாடாவிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, நாசிக் மாவட்டத்து நிஃபாடில் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் மிகக் குளிரும் இடங்களில் அது ஒன்று. திராட்சைக் கொடி கருகாமல் இருக்கத் தோட்டத்தில் தீ மூட்டுவார்கள். அந்தத் தாலுகாவில்தான் லாசல்காவ் வெங்காயச் சந்தை. ஏலத்துக்கு முன் இடம் பிடிக்க, வெங்காயம் ஏற்றிய டிராக்டர்கள் விடியலிலேயே வரிசையில் நிற்கின்றன. எஞ்சின் அணைந்திருப்பதால் மேலே சொன்ன ஊற்றுகள் எதுவும் அங்கே உதவாது. வெங்காயத்துக்குத் தார்ப்பாய் உண்டு, ஓட்டுநருக்குக் கம்பளி. அந்த வெங்காயம் லாரி ஏறி, சான்பாடாவை ஒட்டியுள்ள ஏபிஎம்சி என்னும் விளைபொருள் மொத்தச் சந்தைக்கு வந்து இறங்குகிறது.

சான்பாடாவில் காலை ஒன்பதுக்குக் குல்லா நெற்றிக்கு ஏறுகிறது. பத்துக்கு ஸ்வெட்டர் இடுப்பில் கட்டப்படுகிறது, பதினொன்றுக்குச் செய்தித்தாள் விசிறியாகிறது. பிப்ரவரி முடிந்ததும் குல்லா டூல் பாக்ஸுக்குள் ஸ்பேனர்களோடு போய்ச் சேர்கிறது. மார்ச் முதல் அதில் ஆயில் குச்சி துடைக்கிறார்கள்.