ஒரு ஸ்டேஷன் தூரம்

மலை மந்திர் படியில இப்படிச் சித்த நேரம் உக்காரு அப்புனு. முருகனைக் கும்பிட்டாச்சு, இனி உன்னையும் நாலு வார்த்தை சொல்லிக் கும்பிட்டுக்கறேன்.

நேத்து உன்றகூடக் கருத்தரங்கத்துக்கு வந்ததுல இருந்து எனக்கு ஒரே கவலை. காலேஜுக்கும் கம்பெனிக்கும் நடுவுல பெரும் பள்ளமாம், பாலம் கட்டோணுமாம். இந்த ஆர்.கே.புரத்துல மெட்ரோ ஏறுனா அடுத்த ஸ்டேஷன் ஐ.ஐ.டி. இக்கட்டால ரிங் ரோட்டுப் பக்கம் போனா பிகாஜி காமா பிளேஸ். கெயில், என்ஜினியர்ஸ் இண்டியான்னு ஆபீசு ஆபீசா நிக்குது. நடுவுல ஒரு பள்ளத்தையும் காணோம். எனக்குத்தான் கண்ணு மங்கிப் போச்சோ என்னமோ. ஆனா மத்தியானச் சாப்பாடு ஜோரு.

நீ ஒண்ணு பண்ணு. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடு, சால்வையப் போத்து, போட்டோ புடிச்சுக்க. அதோட நின்னுக்கோணும். ஷெட்டுக்குள்ள மட்டும் போயிராத. சட்டையில கிரீஸ் ஒட்டும். அதவிடக் கெடுதல், அங்க இருக்கற பிட்டர் எதாச்சும் கேள்வி கேட்டுப்போடுவான்.

நம்ம கோயமுத்தூர்க்காரங்களுக்கு இந்த நாகரிகமெல்லாம் எங்க தெரிஞ்சுது? பி.எஸ்.ஜி.க்காரங்க 1926-லயே தொழிற்கூடத்த ஆரம்பிச்சுட்டாங்க. என்ஜினியரிங் காலேஜ் வந்ததோ 1951-ல. மொதல்ல பட்டறை, அப்புறம் பாடம். தலகீழ்! ஜி.டி.நாயுடு இன்னும் மோசம். 1937-ல பாலசுந்தரம் நாயுடுவோட சேந்து மோட்டாரே செஞ்சுபுட்டார். பின்னால காலேஜு தொடங்க முன்ன நின்னவர், படிப்புக்கு எதுக்கு இத்தன வருசம்னு சர்க்காரோட மல்லுக்கட்டி வெளிய வந்துட்டார். நல்லவேளை, உன்ற முனைவர் பட்டம் ஆறாவது வருசமா ஓடறத அவர் பாக்கல.

சென்னையிலயும் கெட்டுப் போயிட்டாங்க கண்ணு. தரமணியில ஐ.ஐ.டி.க்காரங்க 2010-ல ஆராய்ச்சிப் பூங்கா தொறந்தாங்க பாரு, அங்க எடம் புடிக்கற கம்பெனி வாடகை குடுத்தாப் பத்தாதாம். வாத்தியாரோட, பசங்களோட எவ்வளவு சேந்து வேலை பாத்தேன்னு கணக்குக் காட்டோணுமாம்; அதுக்குப் புள்ளி. மொதலாளிக்கே மார்க்கு! ஐ.ஐ.டி.யில படிச்ச ரெண்டு பசங்க 2013-ல கரண்டு ஸ்கூட்டருக்கு ஏதர்னு கம்பெனி வச்சு, ஓசூர்ல பேக்டரி வரைக்கும் போயிட்டாங்க. என்ன அவசரமோ. ஆய்வேடா எழுதியிருந்தா அதுவும் பொகையில்லாம, சத்தமில்லாம அலமாரியில நின்னிருக்கும்.

மொதலாளிமாரு மட்டும் லேசுப்பட்டவங்களா? வாத்தியார்கிட்ட வந்து, சந்தையில மாடு கேக்கறாப்புல, ‘நாளைக்கே கறக்குமா’ங்கறாங்க. கன்னுக்குட்டிக்குத் தீவனம் போடற அன்னிக்கு ஒருத்தரையும் காணோம்.

அது கெடக்கட்டும். நீ மோட்டார் சூடாகறதப் பத்தித்தான ஆராய்ச்சி பண்ற? நம்ம கெணத்து மோட்டார் மறுக்காவும் எரிஞ்சு போச்சு. ராத்திரி ஒரு பேஸ் போயிருது, மிச்ச ரெண்டுல ஓடி ஓடிக் காயில் கருகிருது. காலையில காயில் கட்டறவன் போன் போட்டான்: “ஏனுங்க அப்பாரு, உங்க பேரன் மோட்டார் டாக்டருங்களாமா? இதுக்கு எதாச்சும் வழி கேட்டுச் சொல்லுங்க.”

உன்ற மானத்தக் காப்பாத்திட்டேன் போ. “அவன் பாலம் கட்டப் போயிருக்கறான், நீ காயிலக் கட்டு”ன்னுட்டேன்.