கடல்காத்துக்கு வழி விடு மாப்ளே

வா மாப்ளே, உக்காரு. நம்ம புதுச்சேரி நெல்லித்தோப்புல இருபதுக்கு நாப்பது மனையை வாங்கி, அதுல மூணு மாடி எழுப்பிட்ட. கிரகப்பிரவேசச் சோத்தையும் வயிறார தின்னாச்சு. தின்ன வாயால குறை சொல்றது தப்பு. அதனால புகழத்தான் போறேன், காது குடுத்துக் கேளு.

முதல்ல அந்த முன்பக்கத்துக் கண்ணாடி. பேஷ்! தெருவுல போற பையனெல்லாம் நின்னு தலை வாரிக்கிட்டுப் போறான். உனக்கு மேற்கு பார்த்த வாசல். மூணு மணிக்கு மேல உன் ஹால் சோபாவுல சூரியன்தான் கால் நீட்டிப் படுத்திருக்கு. கண்ணாடி வெயிலை உள்ளே விடும், உள்ளே சேர்ந்த சூட்டை லேசுல வெளியே விடாது. அந்தச் சூட்டுக்கு ஏசி. ஏசி போட்டா திரையை இழுத்து மூடணும். மூடினா இருட்டு. இருட்டுக்கு சீலிங் பூரா மாசி மகத்துக் கடை மாதிரி லைட்டு. வெளிச்சத்துக்குன்னு கண்ணாடி வெச்சு, பட்டப்பகல்ல லைட்டு போடுற சாமர்த்தியம் நம்ம வம்சத்துல யாருக்கும் இருந்ததில்லைடா.

கிழக்குப் பக்கம் இன்னும் அழகு. நம்ம ஊர்ல சித்திரை, வைகாசியில காலையெல்லாம் மேற்கேருந்து வெக்கைக் காத்து அடிக்கும். உச்சி சாஞ்சா கடல்காத்து வரும், அப்பதான் உசுரு திரும்பும். அது கிழக்கேயும் தென்கிழக்கேயும் இருந்து வரும்னு பாகூர்ல ஏர் பிடிச்ச எனக்கே தெரியும். நீ என்ன பண்ணின? கிழக்குச் சுவர் பூரா பீரோ அடிச்சுட்ட. மிச்சம் இருக்கிற ஒரே ஜன்னல், வாஸ்துக்காரர் அக்னி மூலையில வெச்ச அடுப்படியில. கடல்காத்தும் மரியாதை தெரிஞ்சது. உன் வஞ்சிரமீன் குழம்பு வாசத்தைக் கையோட அழைச்சுக்கிட்டுத்தான் படுக்கை ரூமுக்கே வருது. ராத்திரி தூக்கம் வரலைன்னு டாக்டர்கிட்ட போனியாமே. அவர் என்னடா பண்ணுவார், ஜன்னலா எழுதிக் குடுப்பார்?

“மாமா, மாடர்ன் வீடுன்னா இப்படித்தான்”னு சொல்லுவ. சொல்லு. சைக்கிள்ல போற தூரத்துல அரவிந்தர் ஆசிரமத்தோட கோல்கொண்டே விடுதி இருக்கு, போய்ப் பார். உள்ளே விட மாட்டாங்க, மதிலோரம் நின்னே பார். 1937-ல வேலை தொடங்கி நாப்பதுகள்லதான் முடிஞ்சுது. வடிவமைச்சவர் அன்டோனின் ரேமண்ட், செக் நாட்டுல பிறந்து ஜப்பான்ல தொழில் பண்ணினவர். கூட இருந்து கட்டினவங்கள்ல ஒருத்தர் ஜார்ஜ் நகஷிமா. அந்த மனுஷன் வேலை பார்க்க வந்து பக்தரா ஆகி, அரவிந்தர் கையால சுந்தரானந்தர்னு பேர் வாங்கினார். உன் இன்ஜினீயருக்கு நீ என்ன பேர் வெச்சேன்னு நான் கேக்கலை.

அது காங்கிரீட் கட்டடம்தான்டா. இந்தியாவிலேயே மாடர்ன் கட்டடங்கள்ல மூத்ததுன்னு படிச்சவங்க வந்து பார்த்துட்டுப் போறாங்க. வடக்கும் தெற்கும் பார்த்து நீளவாட்டுல நிக்கும். அந்த ரெண்டு பக்கமும் சுவருக்குப் பதிலா திருப்புற தகடுங்க, மேலேருந்து கீழே வரைக்கும். வெயில் வந்தா சாய்ச்சுக்கலாம், காத்து வேணும்னா விரிச்சுக்கலாம். ரூம் கதவு தேக்குச் சட்டம் அடிச்ச இழுப்புக் கதவு. சாத்தினா ஆள் தெரியாது, காத்து மட்டும் போகும். பக்தருங்க குடுத்த பித்தளைப் பாத்திரத்தை உருக்கித் தாழ்ப்பாள், கீல் எல்லாம் வார்த்தாங்க. ஏசி கிடையாது. எண்பது வருஷம் தாண்டியும் ஜனங்க அங்கே தங்குறாங்க.

அது வெள்ளைக்காரன் மூளைன்னு ஒதுக்கிடாதே. ரங்கப்பிள்ளை தெருவுல, நாட்குறிப்பு எழுதின ஆனந்தரங்கப் பிள்ளை வீடு 1738-ல கட்டினது. மாடி பிரெஞ்சுக்காரன் பாணி, கீழே நம்ம பாணி, நடுவுல முற்றம். அப்படியே வைசியாள் வீதிக்கு நட. தெருவோரம் மரத்தூண் வெச்ச தாழ்வாரம், அதுக்கு உள்ளே திண்ணை. பழைய கட்டடங்களைக் காக்குற இன்டாக் அமைப்பும் அரசாங்கமும் சேர்ந்து அந்த வீதியைப் புதுப்பிச்சதுக்கு 2008-ல யுனெஸ்கோ விருதே குடுத்துச்சு. ரெண்டு பக்கமும் பொதுச் சுவர், உன் மனை மாதிரிதான். இருந்தும் வெளிச்சம் நடுவுலேருந்து வரும். சூடான காத்து முற்றத்து வழியா மேலே போயிடும். வழிப்போக்கன் திண்ணையில குந்தி இளைப்பாறிட்டுப் போவான். நீ வாசல்ல திண்ணைக்குப் பதிலா கேமரா வெச்சிருக்க. உங்கம்மா அதோட திரையைப் பார்த்துத்தான் தெருவுல யார் போறாங்கன்னு தெரிஞ்சுக்கிறா. பேச ஆளில்லைன்னு என்கிட்ட போன்ல அழுவுறாடா.

சரி, கட்டினதை இடிக்கவா முடியும்? கண்ணாடிக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டு. உள்ளே திரை போட்டுப் பிரயோசனமில்லை, சூடு அதுக்குள்ள வீட்டுக்குள்ள வந்துடுது. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடி. பீரோவை நகர்த்திக் கிழக்குச் சுவர்ல ஒரு ஜன்னல் உடைச்சு வை. சாயங்காலம் மாடிப்படிக் கதவைத் தொறந்து வை, நின்ன சூடு தானா மேலே ஏறிப் போகும். வாசல்ல ரெண்டடி அகலத்துல ஒரு மேடை கட்டு, பேருக்குத் திண்ணை.

இதெல்லாம் பொங்கலுக்குள்ள செய். ஆனா அந்தப் பளபளக்குற பாத்ரூம் தரை இருக்கு பார், மூஞ்சி தெரியுதுன்னு பெருமையாக் காட்டினியே, அதை இந்த வாரமே பேத்துப் போடு. சொரசொரப்பான கல்லு பதிச்சு, சுவர்ல ஒரு கைப்பிடிக் கம்பி அடி. உங்கம்மாவுக்கு எழுபது ஆகப்போவுது. ஏசி கம்பெனிக்காரன் காத்துக்கிட்டு இருக்கட்டும்.