ரேடியன் சார்

ஓய்வுபெற்ற பொறியாளர்களில் இது ஒரு தனி ரகம். யாரும் ஏற்க மாட்டேன் என்ற அடுக்ககச் சங்கப் பொருளாளர் பதவி எப்படியோ இவர் தலையில் வந்து விழும். மெயின்டனன்ஸ் கணக்குக்கு எக்செல்லில் கூட்டல் தெரிந்தால் போதும். கூட்டலெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம் என்று சார் சைன், காஸ், டேன் பக்கம் போய்விடுவார். தண்ணீர் லாரிக் கணக்கு மாதாமாதம் இடிக்கும்; மொட்டைமாடிச் சரிவு மட்டும் இரண்டு தசமத்துக்குச் சுத்தமாக இருக்கும்.

புதிதாகக் குடிவந்தவரிடம் லேப்டாப்பை நீட்டி, "சைன் முப்பது போடுங்க பார்ப்போம்" என்பார். பத்தாம் வகுப்பு நம்பிக்கையில் அவரும் =சைன்(30) என்று அடித்துவிட்டு அரை வரும் என்று காத்திருப்பார். வருவதோ மைனஸ் 0.988. அந்த முகம் போகும் போக்கைப் பார்ப்பதில்தான் சாருக்கு அன்றைய பில்டர் காபியே இறங்கும். "எக்செல்லுக்குப் பாகை தெரியாது தம்பி. ரேடியன்தான். பையால பெருக்கி 180-ஆல வகுங்க." அதற்கென்றே ரேடியன்ஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறதே என்று யாராவது சொல்லிவிட்டால் தீர்ந்தது. பாக்கெட் தோசைமாவு வாங்கும் மருமகளை மாமியார் பார்க்கும் பார்வைதான்.

ஏப்ரல் கடைசியில் மூன்றாம் மாடி அம்மா லிஃப்ட் வாசலில் வைத்துப் போகிற போக்கில் கேட்டார்: "மாடியில கூழ்வடாம் போடணும். சாயந்திரம் டேங்க் நிழல் எதுவரைக்கும் வரும் சார்?"

ராத்திரிக்குள் ஷீட் தயார். சென்னையின் அட்சரேகை 13.08. வருஷத்தில் அது எத்தனையாவது நாளோ, அதோடு 284-ஐக் கூட்டி, 360/365-ஆல் பெருக்கிப் பாகையாக்கி, சைன் எடுத்து, 23.45-ஆல் பெருக்கினால் சூரியன் எவ்வளவு வடக்கே வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த 284 எதற்கு என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவருக்கு அன்று சாப்பாடு ஆறிப்போகும். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது, நம்மூர் சூரியன் ஒன்பது நிமிஷம் லேட் என்று அதற்கும் ஒரு பத்தி. ஏப்ரல் கடைசியில் ஒருநாள் சென்னையில் உச்சிவெயில் நேராகத் தலைக்குமேல் நிற்கும், நிழலே விழாது. சரிதானா பார்ப்போம் என்று சூரியனின் உயரத்தை 90 என்று போட்டார். கணிதத்தில் டேன் 90-க்கு விடையே கிடையாது. எக்செல் அசராமல் 1.63-இன் புள்ளியைப் பதினாறு இடம் வலப்பக்கம் தள்ளி ஒரு தொகையைச் சொன்னது. பத்தடி டேங்குக்கு அணுக்கருவைவிடச் சின்னதாக ஒரு நிழல் விழுந்தது. சார் அதையும் அழிக்கவில்லை.

நாலாவது மாடி ஐடி பையன் தானும் போட்டுப் பார்த்தான். நாலேகாலுக்குச் சூரியன் 30 பாகை. பத்தை டேன் முப்பதால் வகுத்தான். நிழலின் நீளம் மைனஸ் ஒன்றரை அடி. சார் வாய்விட்டுச் சிரித்தார். திசையையாவது சரியாகச் சொல்லலாம் என்று பையன் ஏடேன்2 போட்டான். பைத்தானில் அதற்கு ஒய் முதலில், எக்செல்லில் எக்ஸ் முதலில். கிழக்கே விழவேண்டிய நிழல் வடக்கே போனது. "மைனஸ் ஒன்றரை அடி நிழல் எந்தத் திசையில போனா என்னப்பா?" என்று சார் ஆறுதல் சொன்னார். இதைத் தலைமுறைகளுக்கிடையிலான உரையாடல் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சரியான விடை 17.32 அடி. அந்த அம்மா ஷீட்டைத் திறந்தே பார்க்கவில்லை, டேங்கிலிருந்து நன்றாகத் தள்ளியே புடவையை விரித்திருந்தார். சார் மட்டும் நாலு பத்துக்கே டேப்போடு மாடி ஏறிவிட்டார். நாலேகாலுக்கு நிழல் நுனியில் குனிந்து அளந்தால் பதினேழு அடி நாலு அங்குலம்! மனிதர் நிமிர்ந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நிழல் வடாம் மேல விழுது."

சார் குனிந்து பார்த்தார். பதில் பேசாமல் கீழே இறங்கிப் போனார். அன்று ராத்திரி சங்கக் குழுவுக்குத் திருத்திய ஷீட் வந்தது. டேங்குக்குக் கீழே புது வரி ஒன்று: பொருளாளர், உயரம் 5.6, நிழல் 9.70.